பாடும் பட்டியலும்

பழவேற்காட்டில் டீ குடிக்க உட்கார்ந்தால் நேரம் பார்த்து உட்கார வேண்டும். படகுகள் கரை சேர்ந்து, இறாலும் நண்டும் கூடை மாறி, ஏலக் கூச்சல் ஓயும் வரை அங்கே யாருக்கும் நம்மைப் பார்க்க நேரமிருக்காது. வெயில் ஏறிய பிறகு ஊரே சாவகாசமாகிவிடும். அப்படியொரு நேரத்தில்தான் என் அக்கா மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கடைப் பெஞ்சுக்கு வந்தாள். சென்னையில் மென்பொருள் வேலை. "மாமா, எங்க டீம்ல ஒருத்தர் வேலையை விட்டுப் போயிட்டார். அவர் பேர்ல 312 டாஸ்க் கிடக்கு. மூணு பேருக்குப் பிரிச்சுக் கொடுக்கணும். ஒவ்வொண்ணாத் திறந்து பேரை மாத்திட்டிருக்கேன். இப்பத்தான் 40 முடிஞ்சுது" என்றாள். எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றும் வசதி அதிலேயே இருக்குமே என்று கேட்டேன். "இருக்கு. தொடத்தான் பயமா இருக்கு."

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்பதில் அவளும் நம்மில் பலரும் கொஞ்சம் தடம் மாறிப் போகிறோம். டீ வரட்டும், மெதுவாகவே பார்ப்போம்.

முதலில் இந்தத் திட்ட மேலாண்மை மென்பொருள் என்பது என்ன? பெயர்தான் பெரிது. உள்ளே இருப்பது மளிகைக் கடைக் கணக்கு நோட்டு மாதிரி ஒன்று. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி. அதில் வேலையின் பெயர், யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், இப்போது எந்த நிலையில் இருக்கிறது, எவ்வளவு அவசரம் என்று சில கட்டங்கள். அசானா, ட்ரெல்லோ, ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம் கொண்டுவந்த ஜிரா, நம் சென்னையில் வளர்ந்த ஸோஹோவின் ப்ராஜெக்ட்ஸ் என்று பல கடைகள் உண்டு. அட்டை வேறு, கோடு வேறு, நோட்டு ஒன்றுதான்.

இந்த நோட்டில் ஒரு வரியை மாற்ற ஒரு நிமிடம் ஆகிறது என்றால் 312 வரிக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல். அதனால்தான் மொத்தத் திருத்தம் வந்தது. அதைப் புரிந்துகொள்ளக் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்வோம். ஒரு இலைக்கு எல்லாவற்றையும் பரிமாறிவிட்டு அடுத்த இலைக்குப் போகிற ஆள் எங்காவது உண்டா? சாம்பார் வாளியோடு ஒருவர் வரிசை நெடுகப் போவார். பின்னாலேயே கூட்டு, அதற்குப் பின்னால் அப்பளம். வாளி ஒன்று, இலை நூறு. மொத்தத் திருத்தமும் இதேதான்: ஒரு கட்டத்தில் ஒரு மாற்றம், பல வரிகளுக்கு.

இதில் எல்லோருக்கும் வரும் ஒரு மயக்கம் உண்டு. மொத்தமாகச் செய்வது என்றால் வேகமாகச் செய்வது என்று நினைக்கிறோம். அதனால் நம் கண் முழுக்க அந்தப் பொத்தானிலேயே இருக்கிறது: எங்கே அழுத்துவது, அழுத்தினால் என்ன ஆகும், பயமாக இருக்கிறதே. உண்மையில் பொத்தானுக்கு எந்தப் புத்தியும் கிடையாது. சாம்பார் ஊற்றுவதில் என்ன வித்தை இருக்கிறது? எந்த வரிசைக்கு ஊற்றுவது, யார் இலையை மடித்துவிட்டார், யார் மோருக்கு வந்துவிட்டார் என்று பார்ப்பதில்தான் பந்தி விசாரிப்பவரின் வேலை இருக்கிறது. மொத்தத் திருத்தத்தில் கனமான பாதி பட்டியல் எடுப்பது. மாற்றுவது வெறும் கடைசி அசைவு.

இதைக் கணினி இல்லாமலே நெடுங்காலமாகச் செய்து வருகிற ஊரில்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம். எதிரே கிடக்கிற இந்த ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல். பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்க, தென்கோடி மட்டும் திருவள்ளூர் மாவட்டத்துக்குள் வருகிறது. கடலில் பிறக்கிற இறால் குஞ்சாக ஏரிக்குள் நுழைந்து, வளர்ந்து, முகத்துவாரம் வழியாகத் திரும்பக் கடலுக்குப் போகும். போகிற வழியில் வலை கட்டி நின்றால் நல்ல பிடிப்பு. ஆனால் வழி குறுகல். வலை கட்டத் தோதான இடங்கள் கொஞ்சம். வலை வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். எல்லோரும் ஒரே இரவில் ஒரே இடத்துக்குப் போனால் வலை கிழிவதற்கு முன் மண்டை உடையும்.

இதற்கு இங்குள்ள பட்டினவர் என்ற மீனவச் சாதியாரின் குப்பங்கள் கண்ட வழிக்குப் பாடு என்று பெயர். அழகான சொல். கிடைத்த மீனுக்கும் பாடு என்கிறோம். படுகிற துன்பத்துக்கும் பாடுதான். இங்கே அது வலை கட்டுகிற இடத்தையும் அதற்கான முறையையும் சேர்த்துச் சொல்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களின் பாடு முறையைப் பற்றி ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். செபாஸ்டியன் மேத்யூவின் ஆய்வை 1991இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பே வெளியிட்டது. கொச்சிக் காயலிலும் இதே பெயரில் இதே போன்ற முறை உண்டு. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பில் மீனவர் சங்கங்கள் சீட்டுப் போட்டு வலையிடங்களைப் பிரித்துக்கொள்கின்றன.

பாட்டைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் சொல்வது, "ஓ, லாட்டரியா?" என்பது. பாருங்கள், இங்கேயும் கண் பொத்தானுக்குத்தான் போகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நம் வசதிக்கு நாமே வைத்துக்கொண்டவை. வலை கட்ட 6 இடங்கள், 30 குழுக்கள். ஒரே ஒரு முறை சீட்டுக் குலுக்கி 1 முதல் 30 வரை வரிசை போட்டாயிற்று. முதல் நாள் 1 முதல் 6 வரை உள்ளவர்கள் ஆளுக்கோர் இடத்தில். மறுநாள் 7 முதல் 12. இப்படி ஐந்தே நாளில் எல்லோருக்கும் ஒரு முறை வந்துவிடும். ஆறாம் நாள் முதல் ஆறு பேரே திரும்ப வருவார்கள். ஆனால் போன தடவை நின்ற இடத்தில் நிற்காமல் அடுத்த இடத்துக்கு நகர்ந்திருப்பார்கள். முப்பது நாள் முடியும்போது ஒவ்வொரு குழுவும் ஆறு முறை வலை கட்டியிருக்கும், ஆறு முறையும் வெவ்வேறு இடத்தில்.

சீட்டு தீர்மானித்தது என்ன? யார் எங்கே தொடங்குவது என்பதை மட்டும். நல்ல இடமும் மோசமான இடமும் சுற்றில் எல்லோர் தலையிலும் வந்து போகின்றன. அன்றைக்கு இறால் வருமா வராதா என்பது ஓதத்தின் பாடு. ஒரு குலுக்கலில் 180 ஒதுக்கீடுகள் முடிந்துவிட்டன. தினம் சாயங்காலம் கூடி "இன்றைக்கு யார்?" என்று பேசத் தேவையில்லை. என் அக்கா மகள் 312 முறை திறந்து மூடிச் செய்துகொண்டிருந்ததை இந்த ஊர் ஒரே கூட்டத்தில் செய்துவிடும்.

ஆனால் சீட்டு எழுதுவதற்கு முன் ஒரு காரியம் நடந்தாக வேண்டும். யார் யார் பெயர் சீட்டில் இருக்கலாம்? அதற்குத்தான் தலைக்கட்டு. கல்யாணமாகித் தனிக் குடும்பமான ஆண் ஒரு தலைக்கட்டு. ஊர் வரி கட்டுவதும் பங்கு கேட்பதும் அந்தக் கணக்கில்தான். ஊர்ப் பஞ்சாயத்தில் குரல் உயர்வது குலுக்கலின்போது இருக்காது. அது முடிய எவ்வளவு நேரம் ஆகும்? தலைக்கட்டுக் கணக்கில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பதில்தான் உயரும்.

இது மீனவர் ஊர்களுக்கு மட்டும் உரிய குணமில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். குடவோலை என்றதும் குடத்தில் கைவிட்டு ஓலை எடுக்கிற சிறுவன்தான் நினைவில் நிற்கிறான். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் பொறித்த அந்தச் சாசனங்களில் நீளமான பகுதி எதைப் பற்றியது தெரியுமா? யார் பெயரை ஓலையில் எழுதலாம், யார் பெயரை எழுதக் கூடாது என்பதைப் பற்றி. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள். கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் கூடாது. இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் கூடாது, அவருடைய உறவினரும் கூடாது. இன்றைய மென்பொருளில் இதற்கு பில்டர் என்று பெயர். நாம் வடிகட்டி என்றே வைத்துக்கொள்வோம்.

சரி, மடிக்கணினிக்குத் திரும்புவோம். வடிகட்டியில் பெயரைப் போட்டதும் மீதி வரிகள் வந்து நிற்கின்றன. மேலே ஒரு சின்னக் கட்டம். அதில் டிக் போட்டால் எல்லாம் தேர்வாகிவிடும் என்று நினைக்கிறோம். ஆகலாம், ஆகாமலும் போகலாம். பல இடங்களில் அந்த டிக் திரையில் தெரிகிற பக்கத்தை மட்டும்தான் எடுக்கும். ஜிமெயிலில் பார்த்திருப்பீர்கள்: ஒரு பக்கத்துக்கு 50 கடிதம் என்று வைத்திருந்தால் 50 மட்டும் தேர்வாகும், மீதியும் வேண்டுமா என்று மேலே ஒரு வரி தனியாகக் கேட்கும். அதைக் கவனிக்காதவர் 50ஐ மாற்றிவிட்டு எல்லாம் முடிந்தது என்று போய்விடுவார். வரம்புகளும் உண்டு, ஜிராவில் ஒரு தடவைக்கு வழக்கமான எல்லை 1,000. ஆகவே மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியது ஓர் எண்ணைத்தான்: எத்தனை தேர்வாகியிருக்கிறது என்று மென்பொருள் சொல்கிறது, எத்தனை இருக்க வேண்டும் என்று நமக்குத் தெரியும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கையை எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது, என்ன வாளி? இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. யார் செய்ய வேண்டும் என்ற கட்டத்தில் ஒரு பெயர்தான் இருக்கும். புதியதைப் போட்டால் பழையது போய்விடும். ஆனால் லேபிள் என்கிற அடையாளச் சீட்டு அப்படியில்லை. ஒரே வேலையில் மூன்று நான்கு ஒட்டியிருக்கும். மொத்தமாக மாற்றும்போது ஜிரா கேட்கும்: இருப்பவற்றோடு சேர்க்கவா, இருப்பதை எடுத்துவிட்டு இதைப் போடவா, குறிப்பிட்டதை நீக்கவா, எல்லாவற்றையும் துடைத்துவிடவா? இலையில் சாதத்தோடு பொரியல் வைப்பதும், சாதத்தை வழித்துவிட்டுப் பொரியல் வைப்பதும் ஒன்றா? கேள்வி சிறிய எழுத்தில் இருப்பதால் பலர் படிப்பதில்லை. நானும் ஒரு காலத்தில் படிக்கவில்லை. நான் இருந்த ஓர் அலுவலகத்தில் இரண்டு ஆண்டுகளாக ஒட்டிய அடையாளங்கள் என் ஒரு சொடுக்கில் போயின. திரும்ப ஒட்ட ஒரு வாரம் பிடித்தது.

தேதியில்தான் பெரிய வில்லங்கம். நம் கணக்கில் நான்காம் நாள் புயல் என்று வைத்துக்கொள்வோம். யாரும் இறங்கவில்லை. இனி எல்லோரையும் ஒரு நாள் தள்ள வேண்டும். நான்காம் நாள் முதல் முப்பதாம் நாள் வரை 27 நாட்கள், நாளைக்கு 6 இடம், ஆக 162 ஒதுக்கீடுகள். ஊர்க்காரர்கள் "எல்லாரும் ஒரு நாள் தள்ளிக்கங்க" என்றால் முடிந்தது. நான்காம் நாள் ஐந்தாகும், ஐந்து ஆறாகும். ஆனால் பல மென்பொருள்களில் மொத்தத் திருத்தத்தின் தேதிக் கட்டம் கேட்பது "எத்தனை நாள் தள்ள?" என்றல்ல, "எந்தத் தேதி?" என்று. ஐந்து என்று போட்டீர்களானால் 162 ஒதுக்கீடுகளும் ஐந்தாம் தேதி முகத்துவாரத்தில் வந்து நிற்கும். தள்ளுவதும் வைப்பதும் வேறு. நம் மென்பொருளில் தள்ளும் வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தேதியில் கை வைக்க வேண்டும்.

தள்ளிப்போவதைப் பற்றி இந்தக் கரைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடப்பது ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாட்களில் சுற்றுவட்டார மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வருவது வழக்கம். 2019 ஜூலை 15 விடியற்காலையில் கிளம்ப வேண்டிய சந்திரயான் 2, 56 நிமிடங்கள் இருக்கும்போது நின்று, 22ஆம் தேதிதான் கிளம்பியது. ஏழு நாள் தள்ளல். அந்த ஏழு நாள் எந்த வேலைகளைத் தள்ளியது, எவற்றைத் தள்ளவில்லை என்று யோசித்தால் சுவாரசியம். ஏவுதலோடு கட்டிப்போட்ட வேலைகள் எல்லாம் கூடவே நகர்ந்திருக்கும். ஏற்கனவே முடிந்துபோன வேலை நகராது. நிலா தன் வழியில் போவதும் யாருக்காகவும் நகராது. இப்படி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் வேலைகளைச் சங்கிலியாகக் கட்டிவைக்கும் வசதி நல்ல மென்பொருள்களில் உண்டு. கட்டிவைத்திருந்தால் முதல் கண்ணியை நகர்த்தினாலே போதும்.

இனி, அழுத்தியாகிவிட்டது. உள்ளே என்ன நடக்கிறது? எல்லாம் ஒரே கணத்தில் மாறுவது போலத் தோன்றும். பல மென்பொருள்கள் வரிசையாக ஒவ்வொன்றாகத்தான் மாற்றிக்கொண்டு போகின்றன, அந்த வாளிக்காரர் போலவே. நடுவில் ஏதாவது தடுக்கினால் பாதி இலைக்குச் சாம்பார், பாதி இலை காத்திருக்கும். கூடவே மின்னஞ்சல். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சம்பந்தப்பட்டவருக்கு ஒன்று என்றால் 312 மாற்றத்துக்கு எத்தனை வரும் பாருங்கள். அதை அனுப்பச் சொல்லும் டிக் ஒன்று இருக்கும். தேடிப் பிடித்து எடுத்துவிட்டால் சக ஊழியர்கள் உங்களை நல்ல விதமாக நினைப்பார்கள். பழையபடி திரும்பும் வசதியை நம்பவே வேண்டாம். ஜிராவின் மொத்தத் திருத்தத்துக்கு அப்படியொன்று கிடையாது. ஊற்றிய சாம்பாரை வாளிக்குத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் பழக்கமுள்ளவர்கள் முதலில் பட்டியலை எக்செல் கோப்பாக எடுத்து வைத்துக்கொள்வார்கள், பிறகு இரண்டே இரண்டு வரியில் செய்து பார்ப்பார்கள், அப்புறம்தான் மீதி.

பட்டியல்தான் எல்லாம் என்று சொல்லிக்கொண்டே போகும்போது அதன் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பாட்டுச் சீட்டில் பெயர் இருப்பவர்களுக்குள் அது மிக நியாயமான முறை. பெயர் இல்லாதவர்களுக்கு? இதே ஏரியை நம்பி வேறு சாதியினரும், தலித் மீனவர்களும், இருளர்களும் இருக்கிறார்கள். இருளர்கள் ஆழமில்லாத நீரில் இறங்கிக் கையால் தடவியே இறால் பிடிக்கிறார்கள். இறால் ஏற்றுமதிச் சரக்காகி விலை ஏறிய பிறகு ஏரிக்குள் ஆளும் வலையும் பெருகின. பாட்டுக்காரர்களுக்கும் பாடு இல்லாதவர்களுக்கும் இடையே உரசலும் வந்தது. குலுக்கல் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் வடிகட்டிக்கு வெளியே நிற்பவர் அதில் தெரிய மாட்டார். மென்பொருளிலும் அப்படித்தான்: யார் பெயரும் போடாமல் அனாதையாகக் கிடக்கும் வேலைகள், பெயரை வைத்து வடிகட்டினால் ஒருபோதும் வராது. அவற்றைத் தேட வேறு வடிகட்டி போட வேண்டும்.

இன்னும் ஒன்று பாக்கி. மொத்தத் திருத்தம் அந்த நேரத்தில் பந்தியில் இருக்கிற இலைகளுக்குத்தான். நாளைக்குப் புதிதாக ஒரு வேலை பதிவானால் நேற்றைய மாற்றம் அதைத் தொடாது. குப்பத்தில் நடு ஆண்டில் ஒரு பையனுக்குக் கல்யாணமாகிறது, தலைக்கட்டாகிறான். போன மாதம் குலுக்கிய சீட்டில் அவன் பெயர் எப்படி இருக்கும்? அடுத்த குலுக்கல் வரை பொறுக்க வேண்டும், இல்லையென்றால் இப்படி வருகிறவர்களுக்கு இன்ன வழி என்று ஊர் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். அந்த முன்பேச்சுக்குத்தான் மென்பொருளில் ஆட்டோமேஷன் என்று பெயர்: இன்ன வகை வேலை வந்தால் இன்னாருக்குப் போகட்டும் என்று எழுதி வைத்துவிடுகிற விதி. ஒரு முறை செய்கிற திருத்தம் வேறு, நிற்கிற விதி வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் மாதா மாதம் ஒரே திருத்தத்தைச் செய்துகொண்டிருப்பார்கள்.

இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. அக்கா மகளிடம், "அவர் பேர்ல மிச்சம் இருக்கிறதுல முடிஞ்சுபோன வேலை எத்தனைன்னு மொதல்ல பாரும்மா" என்றேன். வடிகட்டியில் இன்னொரு நிபந்தனை சேர்த்தாள். 117. அவற்றை யாருக்கும் மாற்றிக்கொடுக்கத் தேவையே இல்லை. செய்து முடித்தவர் பெயரில் இருக்க வேண்டியவை. பிறகு, காலையிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து, கவனமாக, பயந்து பயந்து மாற்றிய அந்த 40ஐப் பார்த்தாள். அதில் 16 முடிந்துபோனவை. போன வருடம் ஒருவர் செய்த வேலை இப்போது இன்னொருவர் செய்ததாக நிற்கிறது.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதைத் திரும்ப அவர் பேருக்கே மாத்தணும்ல மாமா?" என்றாள். மாற்றத்தான் வேண்டும் என்றேன். மடிக்கணினியைப் பெஞ்சில் ஓரமாக வைத்துவிட்டுக் கடைக்காரரிடம் சூடாக இன்னும் இரண்டு டீ சொன்னாள்.